அழித்த கோடு

போன வாரம் இந்தத் தொடரில் கிறுக்கியை அழுத கண்ணோடு விட்டுவிட்டு வந்தோம். இன்று காலையில் எட்டிப் பார்த்தால், முகத்தைக் கழுவிக்கொண்டு, பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பெயர் அப்பா வைத்தது. நடக்கப் பழகும் முன்பே சுவரெல்லாம் கிறுக்கி வைத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவர் வாதம்.

ஓவியக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் ஒரே தலைப்பில் வரைந்த படங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். போர்ட்ஃபோலியோ என்பார்கள். கிறுக்கி எடுத்துக்கொண்ட தலைப்பு 'வேலையில் இருப்பவர்கள்'. அதற்காக ஊரெல்லாம் அலையவில்லை. வீட்டில் இருப்பவர்களையே பிடித்துக்கொண்டாள். தையல் மெஷின் மேல் குனிந்திருக்கும் அம்மா, கட்டட வேலையிடத்தில் கையைத் தூக்கி சைகை காட்டும் அண்ணன், அதே இடத்தில் கிரேன் ஓட்டும் அப்பா. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். அப்பாவின் கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி.

அப்பாவின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நேற்று ஓவிய வகுப்பில் மாஸ்டர், "இடது பக்கம் பூரா சொதப்பி வச்சிருக்கியேம்மா. தோள் இறங்கிப் போயிருக்கு, வாய் கோணிக்கிட்டு இருக்கு. உங்க அப்பா நிஜமாவே இப்படியா இருப்பார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அப்பா அப்படி இல்லை. அது அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, இடது தோளை அழித்து மேலே ஏற்றினாள். வாயை நிமிர்த்தினாள். அழுதாள். தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினாள். கல்லூரியில் போய் உட்கார்ந்தால் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். அதோடு தூங்கிப் போனாள்.

இப்போது சாப்பாட்டு மேஜை முன்னால் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் இரண்டு டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவைதான் லீவர்கள். கிரேன் மேல் வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள் என்பதால் அப்பா படம் எல்லாமே இப்படி வீட்டில் வரைந்ததுதான். இடது டம்ளர் கிரேனின் நீட்டிய கையைத் திருப்பும், வலது டம்ளர் கொக்கியை ஏற்றி இறக்கும்.

"சீக்கிரம் போடுடி. நான் போகலேன்னா அந்தக் கட்டடம் தரையிலயே படுத்துக் கிடக்கும்."

"ஆடாதீங்கப்பா."

"நான் எங்க ஆடறேன்? காபி கூட ஆறி ஆடாம இருக்கு."

கிறுக்கி கண்ணைச் சுருக்கி, பென்சிலை நீட்டிப் பிடித்து அளவெடுத்தாள். தாடைக்கு வந்ததும் நின்றாள். இடது கன்னத்தில் மட்டும் கருகருவென்று முடி.

"இந்தப் பக்கம் ஷேவ் பண்ணவே இல்லையாப்பா?"

"பண்ணியாச்சே."

"பாதி முகம் அப்படியே இருக்குப்பா."

"பிளேடு மழுங்கிப் போயிருக்கும். அந்தப் பக்கத்தையும் நீயே ரப்பர் போட்டு அழிச்சுடு."

அவள் சிரித்துவிட்டாள். இந்த அப்பாவை வைத்துக்கொண்டு சிரிக்காமல் வேலை செய்ய முடியாது. இடது டம்ளர் மெல்லச் சாய்ந்து, மேஜையில் உருண்டு, விளிம்பில் போய் நின்றது. அப்பாவின் விரல்கள் மட்டும் டம்ளரைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்னத்து நிழலில் மூழ்கியிருந்தாள்.

படம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கண்ணாடிக்குப் போனாள். மாஸ்டர் சொல்லிக் கொடுத்த வழி அது. முடித்த படத்தைக் கண்ணாடியில் காட்டினால், கண்ணுக்குப் பழகிப்போன தப்பெல்லாம் அங்கே பல்லை இளிக்கும்.

இளித்தது. மறுபடியும் அதே இடது தோள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு கவனமாக அளந்தும் இப்படியா? பையிலிருந்து ரப்பரை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, கொடியில் மாட்டியிருந்த சட்டையை எடுக்க அப்பா உள்ளே வந்தார். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் நின்றார். அவள் நெஞ்சருகே பிடித்திருந்த படம், தலைக்கு மேலே அப்பா. இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே தோள். இரண்டும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு இறங்கியிருந்தன.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்போதே கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம்தான். நமக்குச் சொல்ல எளிது. பயம் வந்தால் சிலருக்கு வாய் வரும், சிலருக்குக் கால் வரும். இவளுக்குக் கைதான் வரும். கூடத்துக்கு ஓடிப்போய், கட்டி வைத்திருந்த போர்ட்ஃபோலியோவை அவிழ்த்து, அப்பா படங்களை மட்டும் தரையில் பரப்பினாள். வரைந்த வரிசையில் அடுக்கினாள். முதல் படத்தில் அழித்த தடமே இல்லை. நேரான தோள், நேரான வாய். மற்றதெல்லாம் திருத்திய படங்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

பென்சில் அழுந்திய இடத்தில் தாளில் பள்ளம் விழுந்திருக்கும். கரியை ரப்பர் எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். அவள் அழித்த கோடு ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கீழே இருந்தது. மாதக்கணக்காக அப்பாவின் தோள் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அவள் பார்த்திருக்கிறாள், வரைந்தும் இருக்கிறாள். பிறகு தப்பு என்று நினைத்துத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

அம்மாவின் கடை தெருமுனையில் இருக்கிறது. புதுத் துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, கால் நீளத்தைக் குறைப்பது, இப்படி ஆல்டரேஷன் மட்டும். யாரோ ஒருவருடைய கோட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வாயில் குண்டூசிகளோடு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னமோ ஆகியிருக்கு."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். "எங்க? விழுந்துட்டாரா?"

"இல்லம்மா. வேலைக்குப் போயிட்டார். அவர் தோள், இடது தோள், இறங்கியிருக்கும்மா. வாயும்தான். நான் தப்பா வரையறேன்னு நெனச்சுட்டேன். நான் தப்பா வரையலம்மா."

இதைக் கேட்டு அம்மா சிரிப்பாள், திட்டுவாள், போய்ப் பாதியில் விட்ட வேலையை முடி என்பாள் என்றுதான் கிறுக்கி எதிர்பார்த்தாள். அப்படித் திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அம்மா திட்டவில்லை. கையில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது தோளா?"

"ஆமாம்மா."

"அவர் சட்டையெல்லாம் இடது பக்கம் தொங்குதுன்னு நானே பிடிச்சுக் குடுத்தேன்டி. ஒண்ணு இல்ல, எல்லாச் சட்டையும். துவைச்சுத் துவைச்சுத் துணி இழுத்துக்கிச்சுன்னு நெனச்சேன்." அம்மாவின் குரல் தேய்ந்தது. "காலையில பொத்தான் போட்டு விடச் சொல்லுவார். இத்தனை வருஷம் கழிச்சு மனுஷனுக்குக் கொஞ்சல் வந்துடுச்சுன்னு... எனக்கும் அது பிடிச்சிருந்துச்சுடி."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன் பண்ணு."

"மேல ஏறினா போன் கீழ வச்சுடணும்மா. அவருக்கு வாக்கி டாக்கிதான்."

"அண்ணனுக்குப் பண்ணு."

அண்ணன் எடுக்கவில்லை. கிரேன் ஓடும்போது கீழே நின்று வழி சொல்பவன் அவன். பளு எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்வதுதான் அவன் வேலை. அதாவது, கொக்கிக்குப் பக்கத்திலேயே நிற்பவன். கிறுக்கி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அம்மா கோட்டை அப்படியே போட்டுவிட்டு, கடையைப் பூட்டாமல் மகளோடு கிளம்பினாள்.

ஆட்டோவில் அம்மா கிறுக்கியின் கையைப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது, ஆனாலும் விடச் சொல்ல மனம் வரவில்லை. அப்பா இப்போது எதைத் தூக்கிக்கொண்டிருப்பார்? ஏணியில் ஏறும்போது இடது கை கம்பியைப் பிடித்திருக்குமா?

கட்டட வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"பாஸ் இல்லாம உள்ள விட முடியாதும்மா."

"கிரேன் ஓட்டறாரே, அவர் பொண்டாட்டி நான்."

"யாரா இருந்தாலும் பாஸ் வேணும். தலைக்குத் தொப்பி வேணும்."

"தொப்பிதானே?" அம்மா அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஹெல்மெட்டுகளில் இரண்டை எடுத்தாள். ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, மற்றதை மகள் தலையில் கவிழ்த்தாள். "போட்டாச்சு. பாஸை நான் வெளிய வர்றப்ப தர்றேன். இப்ப என்னைத் தடுத்தா உங்களுக்குத்தான் வம்பு."

காவலாளி வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

கட்டடம் இன்னும் சில மாடிகளைத் தாண்டவில்லை. கிரேனும் அதற்குத் தகுந்த உயரம்தான், ஆனால் கீழிருந்து பார்த்தபோது கிறுக்கிக்குத் தலை சுற்றியது. இரும்புக் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடி அறை. அதற்குள் அப்பா. கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை, இறங்கவும் இல்லை. அதற்குச் சற்றுத் தள்ளி அண்ணன் வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு நின்றான்.

"இடது பக்கம்ப்பா. இடது பக்கம் திருப்புங்க. கேக்குதா?"

கிரேன் திரும்பவில்லை.

"அண்ணா!"

அவன் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டான். "ஏய், இங்க எதுக்கு வந்தீங்க? அம்மா, நீயுமா?"

"முதல்ல அத இறக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"என்னம்மா ஆச்சு?"

"இறக்கச் சொல்லுடா!"

அம்மா இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் வாக்கி டாக்கியில் சொன்னான். "அப்பா, இருக்கிற இடத்துலயே நேரா இறக்கிடுங்க. ஆள் யாரும் இல்ல." கம்பிக் கட்டு மெதுவாக இறங்கியது. ஏற்றி இறக்கும் லீவர் வலது கையில் அல்லவா? அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கட்டு தரையைத் தொட்டதும், இரண்டு பேர் வந்து கொக்கியைக் கழற்றினார்கள். கிறுக்கிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு அவள் படபடவென்று சொன்னாள். தோள், வாய், சட்டை, ஷேவ் பண்ணாத கன்னம். அண்ணன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"கொஞ்ச நாளா இடது பக்கம்னு சொன்னா ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருக்கு. வாக்கி டாக்கிதான் மக்கர் பண்ணுதுன்னு பேட்டரி மாத்தினேன்" என்றான்.

"இன்னிக்கு ஏறறப்ப எப்படி ஏறினார்?" என்று கேட்டாள் கிறுக்கி.

"நின்னு நின்னு ஏறினார். முட்டி வலின்னார்." அவன் வாக்கி டாக்கியைத் தூக்கினான். "இப்பவே இறங்கி வரச் சொல்றேன்."

"சொல்லாத!" கிறுக்கி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏணில வரணும்ணா. செங்குத்து ஏணி. பிடிமானம் வேணும். அந்தக் கைல எவ்வளவு பலம் இருக்குன்னு நமக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமான்னு தெரியல."

எல்லார் பார்வையும் ஏணி மேலேயே போய் நின்றது. ஒல்லியான, நீண்ட, நேராக மேலே போகிற ஏணி.

"குடு. நான் பேசறேன்" என்றாள் கிறுக்கி.

"நீயா?"

"நான் கேட்டா போஸ் குடுப்பார்."

வாக்கி டாக்கி கனமாக இருந்தது. முதல் தடவை பட்டனை அழுத்தத் தவறிவிட்டாள்.

"அப்பா, நான்தான்."

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் அந்தக் குரல். "கிறுக்கியா? நீ எங்கடி இங்க? ஹெல்மெட் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்பா. படத்துல ஒரு சின்ன இடம் சரியா வரல. நாளைக்குக் குடுக்கணுமே, அதான் ஓடி வந்தேன். லீவரை எல்லாம் விட்டுட்டு, ரெண்டு கையையும் மேல தூக்குங்களேன்."

"என்ன, போலீஸ்ல சரண்டர் ஆகற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"இதுக்குத்தான் உன்னை டாக்டருக்குப் படிக்க வைக்கலாம்னு சொன்னேன். யார் கேட்டா?" அப்பா சிரித்தார். வாக்கி டாக்கியில் அந்தச் சிரிப்பு உடைந்து உடைந்து வந்தது.

அப்பா வேலையில் மஞ்சள் கையுறை போடுவார். கீழிருந்து முகம் தெரியாவிட்டாலும் அந்த மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மேலே போனது, தலைக்கு மேலே. கிறுக்கி காத்திருந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்திருந்தாள்.

"போதுமா?"

"ரெண்டு கையையும்பா."

"ரெண்டும்தான்டி தூக்கியிருக்கேன். உன் கண்ணுக்கு என்ன ஆச்சு?"

கிறுக்கி கண்ணைச் சுருக்கினாள். மேலே ஒரே ஒரு மஞ்சள். இன்னொன்று கீழே, மடி மேல், அசையாமல் கிடந்தது. அப்பா விளையாடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிவிட்டதாகவே அவர் நம்புகிறார். அது புரிந்தபோது வந்த பயம், காலையிலிருந்து பட்ட பயத்தையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

அண்ணன் காதருகே கிசுகிசுத்தான். "சரின்னு சொல்லிடு. மேல தனியா இருக்கார். பயந்துடுவார்."

சரிப்பா, போதும்ப்பா, அழகா இருக்கு. சொல்லிவிடலாம். சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே, கொஞ்ச நேரத்தில் டீ குடிக்க இறங்குவார். இரண்டு கையும் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அந்த ஏணியில் காலை வைப்பார்.

கிறுக்கி பட்டனை அழுத்தினாள்.

"இல்லப்பா. ஒரு கைதான் மேல இருக்கு. வலது கை. இடது கை உங்க மடி மேல இருக்கு. குனிஞ்சு பாருங்க."

தூக்கிய மஞ்சள் மெதுவாகக் கீழே வந்தது. எதையோ தேடுவது போல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனது. கடைசியில் இன்னொரு மஞ்சளைக் கண்டுபிடித்து அதன் மேல் படிந்தது. அதைத் தூக்கியது. விட்டது. அது விழுந்தது. மறுபடியும் தூக்கியது.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்க்கத் தொடங்கினார்கள்.

"அப்பா?"

கரகரவென்ற சத்தம் மட்டும்.

"அப்பா, நான் இங்கதான் இருக்கேன். அம்மாவும் இருக்கா. அண்ணனும் இருக்கான்."

நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது. கிண்டல் இல்லாத அப்பா குரலை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை. வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"கிறுக்கி."

"சொல்லுங்கப்பா."

"நான் எப்படிம்மா கீழ இறங்கறது?"